சாப்பிட்டாச்சா என்று கேட்டது ஒரு குற்றமா?

பொழிச்சலூரில் வீடு வாங்கிய நாளிலிருந்து எங்கள் மொட்டை மாடிக்கு மேலே விமானம் போய்க்கொண்டிருக்கிறது. துணி காயப் போடும்போது அதன் வயிற்றில் எழுதியிருப்பதைப் படித்துவிடலாம், அவ்வளவு தாழ்வாக இறங்கும். ஃபோனில் பேசிக்கொண்டிருப்பவர்கள் "இருங்க, ஃப்ளைட் போவுது" என்று நிறுத்தி, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்கள் தெருவின் வழக்கம். இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தை அனுபவித்தவள் ஒரு தடவைகூட அதில் ஏறியதில்லை. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு விமானத்தில் என்ன வேலை?

வேலை வந்தது. எங்கள் பக்கத்து டாக்டர்கள் சிலர் வருஷத்துக்கு ஒரு முறை சொந்தச் செலவில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், ஏரிக்கரையில் இருக்கும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இலவசமாக ஆபரேஷன் செய்துவிட்டு வருவார்கள். போன வருஷம் அவர்களோடு போக வேண்டிய நர்ஸ் தாம்பரம் சுரங்கப்பாதைப் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் ஆயர், "தியேட்டர் அனுபவமுள்ள சகோதரி யாராவது இருந்தால்" என்று அறிவித்தார். அறிவித்தவர் சபையைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தார். சபையும் திரும்பி என்னைப் பார்த்தது. என் கணவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், காதருகே குனிந்து, "போய்ட்டு வா, எனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே போவதென்று முடிவு செய்தேன்.

வழியனுப்பு ஜெபத்தில் மூப்பர் ஒருவர் சிங்கம், பாம்பு, முதலை, கொசு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அவற்றிடமிருந்து என்னைக் காக்கும்படி மன்றாடினார். ஜெபம் முடிந்து கண் திறந்தால் என்னைச் சுற்றிப் பொட்டலங்கள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், புளிக்காய்ச்சல். "அங்க என்ன கிடைக்குமோ என்னமோக்கா" என்றாள் பீர்க்கன்கரணையிலிருந்து வரும் ஒரு தங்கச்சி. பத்து நாள் பயணத்துக்கு ஒரு கல்யாண வீட்டுக்குக் காணும் இட்லிப் பொடி சேர்ந்துவிட்டது. வேண்டாம் என்று சொன்னால் மனசு நோகும். எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டேன்.

எங்கள் குழுவில் மயக்க மருந்து டாக்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரே தியேட்டரில் அவரும் நானும் வருஷக்கணக்காகச் சண்டை போட்டவர்கள். கை சுத்தம், மனசு சுத்தம், வாய் மட்டும் வேப்பெண்ணெய். விதி என்றால் விதிதான் அவருக்கு. சர்ஜன் சரி என்பார், நோயாளி சரி என்பார், சொந்தக்காரர்கள் சரி என்பார்கள். இவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "முடியாது" என்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பதை முதலில் சொன்னவன் ஒரு மயக்க மருந்து டாக்டரோடு வேலை பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். ஜெபத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஏர்போர்ட்டில் என் பையைத் திறந்து பார்த்தவர், "சிஸ்டர், நான் கத்தி கத்திரி எடுத்துட்டு வரச் சொன்னா நீங்க மளிகைக் கடைய கொண்டாந்திருக்கீங்க" என்றார். நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அங்கே போன மூன்றாம் நாள் பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் கேட்டு என் அறைக் கதவைத் தட்டியது யார் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதுவதோடு சரி.

போய் இறங்கினால் அந்த ஊர் படப்பைச் சந்தை மாதிரித்தான் இருந்தது. செம்மண், வெயில், தக்காளி கூறு, நிற்க இடமில்லாமல் நிற்கும் வேன். சிங்கம் ஒன்றுகூட இல்லை. ஆஸ்பத்திரியின் ஹெட் நர்ஸ் வாட்டசாட்டமான பெண்மணி. சிரித்தால் அடுத்த வார்டு வரைக்கும் கேட்கும். அவளுடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் வேறு வேறு என்றாலும் இரண்டு நர்ஸ்கள் பேசிக்கொள்ள அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. அங்கே எல்லோரும் என்னை "மாமா" என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் திடுக்கிட்டேன். அவர்கள் ஸ்வாஹிலியில் மாமா என்றால் அம்மாவாம். சரி, போகட்டும் என்று மாமாவாகவே இருந்தேன்.

ஹெட் நர்ஸிடம் நான் கற்றுக்கொள்ளக் கேட்ட முதல் வாக்கியம் "சாப்பிட்டாச்சா?" அவளுக்கு ஆச்சரியம். வந்தவர்கள் எல்லாம் "வணக்கம்", "நன்றி", "வலிக்கிறதா" என்று கேட்டுக் கற்பார்களாம். அட, நம் ஊரில் ஒருவரைப் பார்த்தால் வாயில் வேறு என்ன வரும்? செத்த வீட்டுக்குப் போனாலும் மெதுவாகக் கேட்கிற கேள்வி அதுதானே. அவள் சொல்லிக் கொடுத்தாள். "உமேகுலா?" சாப்பிட்டாயா? சாப்பிட்டிருந்தால் "நிமேகுலா" என்பார்கள். இன்னும் இல்லையென்றால் "பாடோ".

அன்றிலிருந்து காலையில் தியேட்டருக்குப் போகும் முன்பும் மாலையில் திரும்பி வரும்போதும் வார்டு முழுக்க ஒரு சுற்று. கட்டில் கட்டிலாக "உமேகுலா?" "உமேகுலா?" அங்கே நோயாளிக்குச் சொந்தக்காரர்கள்தான் பின்கட்டுக் கொட்டகையில் சமைத்துக் கொடுப்பார்கள். அடுப்பு பற்ற நேரமானால் பசியோடு படுத்திருப்பார்கள். அன்று ஆபரேஷன் இல்லாத யாராவது பாவம் "பாடோ" என்று உண்மையைச் சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். நேரே சமையல்கட்டுக்குப் போய்ச் சோளக் கஞ்சி ஒரு கிண்ணம் வாங்கி, அதன் தலையில் தாராளமாக இட்லிப் பொடியைத் தூவி, கலக்கி, பக்கத்திலேயே நின்று ஊட்டாத குறையாகக் குடிக்க வைப்பேன். "என்னப்பா இது, வெறும் வயித்தோட படுத்திருந்தா ஒடம்பு எப்படித் தேறும்?" என்று தமிழிலேயே அதட்டுவேன். அதட்டல் எந்த மொழியிலும் புரியும்.

காரம் தாங்காமல் ஒரு தாத்தா கண்ணில் தண்ணீர் விட்டதை நன்றிக் கண்ணீர் என்றே நினைத்தேன். இரண்டு மூன்று நாளில் வார்டில் ஒருவர்கூட "பாடோ" சொல்வதில்லை. நான் வாசலில் தலை காட்டியதுமே, கேட்காமலே, "நிமேகுலா, மாமா! நிமேகுலா!" என்று கட்டில்கள் அத்தனையும் குரல் கொடுக்கும். நான் வந்த பிறகு எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறார்கள் என்று வீட்டுக்கு ஃபோன் போட்டுப் பெருமைப்பட்டேன். "பாத்து, அங்கயும் பயப்படறாங்களா என்னமோ" என்றார் என் கணவர். அவருக்கு எப்போதும் குதர்க்கம்.

அந்த வார்டின் கோடிக் கட்டிலில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். சின்ன வயதில் மண்ணெண்ணெய் விளக்கு கவிழ்ந்து தீப்பிடித்துக்கொண்டதாம். ஆறிய தோல் சுருங்கி இழுத்து மோவாயை நெஞ்சோடு சேர்த்து ஒட்டிவிட்டது. கழுத்து என்ற ஒன்றே இல்லை. தலையைத் தூக்க முடியாது, திருப்ப முடியாது. கீழ் உதடு மடிந்து தொங்கும், வாய் மூடாது. எது சாப்பிட்டாலும் பாதி சட்டை மேலே வழியும். அதனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். இரண்டு பஸ்ஸும் ஒரு படகும் மாறித் தனியாக வந்திருந்தாள். ஆபரேஷன் ஆனால் என்ன செய்வாய் என்று ஹெட் நர்ஸ் கேட்டதற்கு, நாலு பேர் பார்க்க உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றாளாம். வேறு ஆசை எதுவும் சொல்லவில்லை.

எங்கள் குழுவில் பிளாஸ்டிக் சர்ஜன் அம்மா ஒருவர் இருந்தார். அளந்து பேசுகிறவர், அவர் கையில் தையல் போட்டால் கோடு தெரியாது. இவளைப் பார்த்ததும், "செஞ்சிடலாம்" என்றார். ஆனால் அவள் நேரம், முதலில் குறித்த நாளில் இருமல். மறுபடி குறித்த நாளில் ஓர் அவசரப் பிரசவம் வந்து தியேட்டரைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் நாங்கள் ஊருக்குக் கிளம்பும் நாள் காலைதான் மிச்சம். அடுத்த வருஷம் குழு வந்தாலும் அதில் பிளாஸ்டிக் சர்ஜன் இருப்பார் என்று யாரால் சொல்ல முடியும்? அன்று விட்டால் அவளுக்கு ஆயுசுக்கும் அந்தச் சுவர்தான்.

அந்தக் கடைசி நாள் காலை நான் தியேட்டரில் கத்தி கத்திரிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். முந்தின இரவே ஹெட் நர்ஸ் எல்லோரிடமும், "காலையில் பச்சைத் தண்ணீர் கூடாது" என்று சொல்லிவிட்டாள். மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் ஏதாவது இருந்தால் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து. அதனால் மயக்க டாக்டர் ஒவ்வொரு நாளும் தானே போய் ஒரு முறை விசாரிப்பார். அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிற ஹெட் நர்ஸ் அன்று பிரசவ அறையில் மாட்டிக்கொண்டாள். மனிதர் காத்திருப்பாரா? என் வாயிலிருந்து காது புளிக்கக் கேட்ட கேள்விதானே என்று வார்டு நடுவில் நின்று, என் ராகத்திலேயே, "உமேகுலா?" என்று கேட்டிருக்கிறார்.

"நிமேகுலா!" என்றது வார்டு, ஒரே குரலில், சிரித்த முகத்தோடு.

"சிஸ்டர்!" என்று அவர் போட்ட சத்தம் தியேட்டருக்குள் கேட்டது. ஓடினேன். முகம் சிவந்து நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாரும் சாப்ட்டிருக்காங்க. மொத்த வார்டும். ஆபரேஷன் லிஸ்ட் கேன்சல்."

"டாக்டர், அவங்க சாப்டல."

"அவங்களே சொல்றாங்க, சாப்ட்டேன்னு. நீங்க இல்லன்றீங்க. அவங்க வயித்துல நீங்க இருந்தீங்களா?"

"அது எனக்குச் சொல்ற பதில் டாக்டர். இட்லிப் பொடிக்குப் பயந்துகிட்டு சொல்றாங்க."

சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. இத்தனை நாள் என் பெருமை என்னவென்று அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டது. அதை நினைத்து வருந்த அப்போது நேரமில்லை. பிரசவ அறைக் கதவைத் தட்டி ஹெட் நர்ஸைக் கையோடு இழுத்துவந்தேன். விஷயத்தைக் கேட்டவள் காலிக் கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கட்டில் ஆடியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்று ஆபரேஷனுக்கு இருந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்தாள். அதுவரை கேட்ட ஒருவரும் எதுவும் சாப்பிடவில்லை. தாத்தா தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

"மொதல்ல சாப்ட்டேன்னாங்க, இப்ப இல்லேன்றாங்க. நான் எத நம்பறது?" என்று டாக்டர் வக்கீல் மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஆளுக்கு இரண்டு தடவை, கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார். கடைசியில் கோடிக் கட்டிலுக்கு வந்தோம்.

அந்தப் பெண் ஹெட் நர்ஸிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். ஹெட் நர்ஸின் சிரிப்பு நின்றது.

அவள் நிஜமாகவே சாப்பிட்டிருந்தாள். விடிந்ததும் ஒரு சின்னக் கிண்ணம் கஞ்சி. ஏன் என்றால், இந்த மாமா தினமும் கேட்கிறாள். சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாதே என்று தினமும் சாப்பிட்டேன் என்று பொய் சொல்லியாகிவிட்டது. இன்று ஆபரேஷன், பிழைப்போமோ மாட்டோமோ. பொய் சொன்ன வாயோடு போய்ச் சேரக் கூடாது. அதனால், கொஞ்சம் கஞ்சி என்ன செய்துவிடும் என்று மாமா கேட்பதற்கு முன்னால் குடித்துவிட்டாளாம், சொல்வது உண்மையாகட்டும் என்று.

ஆண்டவரே, ஒரு மனுஷியைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்பதில் இப்படியும் ஒரு வினையா?

"மத்தவங்கள எடுக்கலாம். இவங்கள முடியாது" என்றார் டாக்டர்.

"ஒரு கிண்ணம் கஞ்சி டாக்டர். ஆறு மணி நேரம் போனா சரியாயிடும். கடைசியா எடுங்க."

"கடைசியா எடுத்தா மதியம் தாண்டிடும். சாயந்திரம் நமக்கு வண்டி. கழுத்துல கை வெச்ச கேஸ விட்டுட்டு வண்டி ஏறச் சொல்றீங்களா? ராத்திரி மூச்சு அடைச்சா யார் பாப்பாங்க?"

"நான் இருக்கேன்."

"நீங்க இருந்து? இட்லிப் பொடி போடுவீங்களா?"

வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். கல்நெஞ்சு என்றேன். புத்தகத்தைப் பார்த்துப் பொழைக்கிற ஆள் என்றேன். இன்னொன்றும் சொன்னேன், அதை எழுத முடியாது. வார்டே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. இவ்வளவும் பேசியது அவர் சொல்வது சரி என்று எனக்குத் தெரிந்ததால்தான். மோவாய் நெஞ்சில் ஒட்டியிருந்தால் மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவதே கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது மாதிரி. அதில் வயிறும் நிறைந்திருந்தால் கதை முடிந்தது. தியேட்டரில் தலை நரைத்தவளுக்கு இது தெரியாதா? தெரிந்ததுதான் வயிற்றெரிச்சல்.

டாக்டர் மற்ற நோயாளிகளுக்கு மயக்கம் கொடுக்கப் போய்விட்டார். காலை முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தோம். கடைசித் தையல் முடிந்து கையுறையைக் கழற்றும்போது, யாரையும் பார்க்காமல் சுவரிடம் சொல்வது போலச் சொன்னார்.

"வார்டே பொய் சொல்லிச்சு. அவ ஒருத்தி உண்மைய சொன்னா. சாப்டலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கேஸ எடுத்திருப்பேன். டேபிள்லயே போயிருப்பா, என் கையில." கண்ணாடியைத் துடைத்தார். "உண்மைய சொன்னவள வீட்டுக்கு அனுப்பிட்டு நான் எங்க போய்த் தூங்கறது? டிக்கெட்ட மாத்தச் சொல்லுங்க. ரெண்டு நாள் இருந்து பாத்துட்டு வரேன். நீங்களும்தான் சிஸ்டர். பேச்சு மட்டும் பேசிட்டுக் கிளம்பிடாதீங்க."

சர்ஜன் அம்மா அன்று முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். "கேஸ நான் முடிச்சிடுவேன். நீங்க ரெண்டு பேரும் ரெண்டு நாள் ஒரே ஊர்ல உயிரோட இருப்பீங்களான்னுதான் கவலையா இருக்கு" என்றார்.

வீட்டுக்கு ஃபோன் செய்தேன். என் கணவர், "அப்ப ஏர்போர்ட்டுக்கு நாளைக்கு வர வேணாமா? தல சீவிட்டு ரெடியா இருந்தேனே" என்றார். பின்னாலேயே, "சாப்ட்டியா?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் ஃபோனை வைத்துவிட்டேன்.

மதியத்துக்கு மேல் அவளை டேபிளில் ஏற்றினோம். முழு மயக்கம் கொடுக்காமல், முதலில் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, சர்ஜன் அம்மா இறுகிப்போன தோலைக் குறுக்கே கீறினார். மோவாய் கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சிலிருந்து பிரிந்தது. தலை பின்னால் சாய்ந்தது. அதற்குப் பிறகுதான் டாக்டர் முழு மயக்கம் கொடுத்து ட்யூபைக் கையில் எடுத்தார். ட்யூப் ஒரே முயற்சியில் உள்ளே போனது.

"முருகா" என்றார் மயக்க மருந்து டாக்டர், மிஷன் ஆஸ்பத்திரியின் நட்ட நடுவில். நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் கழுத்தில் ஒட்டினார்கள். நாங்கள் இருந்த அந்த இரண்டு நாளும் அவள் கழுத்தைச் சுற்றிப் பெரிய கட்டு, அதற்கு மேல் அசையாமல் இருக்க ஒரு பட்டை. மூச்சு சீராக இருந்தது, காய்ச்சல் இல்லை. ஒட்டிய தோல் பிடிக்குமா பிடிக்காதா என்பது கட்டைப் பிரிக்கும் போதுதான் தெரியும். அதைப் பார்க்காமலேயே கிளம்பினோம். கிளம்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்குத் தெரிந்ததே ஒரு கேள்விதான், அதற்கு வார்டில் டாக்டர் தடை போட்டிருந்தார்.

பொழிச்சலூர் திரும்பி, சபையில் எழுந்து நின்று பயண அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். முடித்ததும் மூப்பர் எழுந்து, "சிங்கம் பாத்தீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு அவ்வளவு ஏமாற்றம். எனக்கோ மனசெல்லாம் அந்தக் கட்டில்தான். தோல் பிடித்ததா, மறுபடி சுருங்கிவிட்டதா? ஹெட் நர்ஸிடம் கேட்டால் "நல்லா இருக்கா, ஊருக்குப் போய்ட்டா" என்று ஒரு வரி வரும். நர்ஸ்கள் சொல்லும் "நல்லா இருக்கா" எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருக்கும்போது வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. ஆஸ்பத்திரி முற்றம். மரத்தடியில் பெஞ்சு போட்டு நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் அவள். தலை நிமிர்ந்து, கழுத்தோடு. உதடு மூடியிருந்தது. அவள் கையில் ஒரு தண்ணீர் பாட்டில். அதை வாயில் வைக்கவில்லை. ஒரு முழம் மேலே தூக்கிப் பிடித்தாள். நம் ஊரில் எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்போமே, அதே மாதிரி. அந்த ஊரில் யாரும் அப்படிக் குடிப்பதில்லை. வார்டைச் சுற்றும்போது நான் குடிப்பதைக் கோடிக் கட்டிலிலிருந்து தினம் பார்த்திருக்கிறாள். கழுத்தைக் காட்ட ஊரிலிருந்து வந்திருக்கிறாள், கட்டு பிரித்ததிலிருந்து இதுதான் பழகுகிறாள் என்று ஹெட் நர்ஸ் எழுதியிருந்தாள்.

முதல் மடக்கு மூக்கில் விழுந்தது. இரண்டாவது சட்டையெல்லாம் நனைத்துப் புரையேறியது. பெஞ்சு முழுக்கச் சிரிப்பு, அவளும் சிரிக்கிறாள், கேமராவுக்குப் பின்னால் ஹெட் நர்ஸின் சிரிப்பில் படம் ஆடுகிறது. நான் அழுதுவிட்டேன். கொத்தமல்லிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். என் கணவர் ஓடிவந்து, ஃபோனை வாங்கிப் பார்த்து, "மெதுவா குடிக்கச் சொல்லும்மா, பொறையேறப் போவுது" என்றார்.

டாக்டருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "கழுத்து நல்லா நிமிருது. இனிமே ட்யூப் போடறது ஈஸி." வேறு ஒரு வார்த்தை இல்லை. அன்று மட்டும் அவர் அதை எத்தனை பேருக்கு அனுப்பினார் என்பதை அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

வீடியோவை மறுபடி போட்டுக் கடைசி வரை பார்த்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சில் இருப்பவர்களைச் சும்மா இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, பாட்டிலை இன்னும் கொஞ்சம் மேலே தூக்குகிறாள். தலையைப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்க்கிறாள். மூன்றாவது மடக்கு ஒரு சொட்டு சிந்தாமல் உள்ளே போனது.